ஆழ்சுரங்கத்தில் அதிர்வு அபாயத்தை மதிப்பிடுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் ஆழ்சுரங்கம் எதுவும் இல்லை. தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் ஊர்தோறும் காணும் கல்குவாரிகளும் வானம் பார்த்தவை. ஆனாலும் தூத்துக்குடியிலோ நெல்லையிலோ நிலவியலும் பொறியியலும் படித்துவிட்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள், கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்கத்திலோ ராஜஸ்தானின் ஈய, துத்தநாகச் சுரங்கங்களிலோ கடல் கடந்த நாடுகளிலோ தரைக்குக் கீழே இறங்க நேர்கிறது. அங்கே ஒருநாள் அதிர்வுப் பதிவுகள் நிறைந்த ஒரு கணினியைக் காட்டி, ஆபத்து எவ்வளவு என்று எழுதித் தரும்படி அவர்களிடம் கேட்கப்படும். அதற்கு முறையாகப் பதில் எழுதும் வழியை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. கணக்குகளுக்கு ஓர் உதாரணம் தேவைப்படுவதால், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரச் சார்னோக்கைட் பாறையில் 1,200 மீட்டர் ஆழத்தில் ஒரு சுரங்கம் நடப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். சுரங்கம் கற்பனை, பாறை நமக்குப் பழக்கமானது.

தொடங்கும் முன் ஒரு தவறான வழியை அடைத்துவிட வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் நிலநடுக்க மண்டல வரைபடத்தை எடுத்து, நம் இடம் இரண்டாம் மண்டலத்தில் உள்ளது, ஆகவே ஆபத்து குறைவு என்று எழுதிவிடும் அறிக்கைகள் உண்டு. அந்த வரைபடம் இயற்கை நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்காக வரையப்பட்டது. நீண்ட காலமாகப் புழங்கிவந்த வரைபடத்தில் திருநெல்வேலியின் பெரும்பகுதியைப் போலவே கோலாரும் அதே இரண்டாம் மண்டலத்தில்தான் இருந்தது. அந்தக் கோலார் தங்கவயலில்தான், 1880இல் முறையான தோண்டல் தொடங்கி 2001 பிப்ரவரி 28இல் மூடப்படும் வரையிலான காலத்தின் பெரும்பகுதியில் பாறைவெடிப்புகள் (அழுத்தம் மிகுந்து பாறை தானாகவே வெடித்துச் சிதறுவது) தொழிலாளரைப் பலிவாங்கின. சுரங்க அதிர்வை உண்டாக்குவது தோண்டல். அது தோண்டும் இடத்தையும் வேகத்தையும் வரிசையையும் பொறுத்தது.

படி 1: கேள்வியை வரையறுத்தல்

“இந்தச் சுரங்கம் ஆபத்தானதா” என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எந்தப் பகுதியில், எந்தக் கால அளவுக்குள், எந்த அளவுக்கு மேற்பட்ட அதிர்வு, எந்தச் சுரங்கவழியில் இருப்போரைத் தாக்கும் நிகழ்தகவு எவ்வளவு என்பதே பதில் சொல்லத்தக்க கேள்வி. இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் அறிக்கை யாருக்கும் பயன்படாது. கால அளவை மூன்றாகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம். சுரங்கத்தின் எஞ்சிய ஆயுள், தோண்டாமல் விடும் பாறைத் தூண்களையும் தோண்டல் வரிசையையும் தீர்மானிப்பதற்கும், வரும் சில மாதங்கள் தாங்கல் (சுவரையும் கூரையையும் பிடித்து நிறுத்தும் போல்ட், வலை போன்றவை) வகையைத் தேர்வதற்கும், வெடிக்குப் பின்னான சில மணிநேரங்கள் ஆட்களை உள்ளே விடுவதற்கும் உரியவை. ஒரே எண் மூன்றுக்கும் பொருந்தாது.

படி 2: பாறை, பிளவு, தகைவு

கருவிகளுக்கு முன் நிலவியல் வரைபடம். பிளவுப்பெயர்ச்சிகள், டைக்குகள் (பிளவுகளில் புகுந்து உறைந்த எரிபாறைச் சுவர்கள்), சிறுசிறு நழுவல் தளங்கள், வலுவான பாறையும் மெலிந்த பாறையும் சேரும் எல்லைகள் ஆகியவற்றை ஒவ்வொரு மட்டத்திலும் அளந்து குறிக்க வேண்டும். நம் உதாரணச் சுரங்கத்துக்கு வடக்கே, செங்கோட்டைப் பக்கமாக அச்சன்கோவில் நறுக்கு மண்டலம் (பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்த பட்டை) செல்கிறது. அது மிகப் பழமையானது. இன்று அமைதியாகத் தோன்றலாம். ஆனால் அதனோடு சேர்ந்த கிளைத்தளங்கள் தோண்டும் இடத்தை வெட்டுமானால், அவற்றின் சாய்வும் திசையும் நிரப்புபொருளும் பதிவாகியிருக்க வேண்டும். அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த பாறையை எடுத்துவிட்டால் பழைய தளமும் நழுவும்.

அடுத்தது தகைவு, அதாவது பாறைக்குள் நிலவும் அழுத்தம். மேலே கிடக்கும் பாறையின் எடை ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 0.027 மெகாபாஸ்கல் வீதம் கூடுகிறது. 1,200 மீட்டரில் செங்குத்துத் தகைவு 32 மெகாபாஸ்கல். கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் எட்டிய 3,200 மீட்டரில் அது 86. கிடைமட்டத் தகைவை எடையிலிருந்து கணக்கிட முடியாது. பழைய கவசப் பாறைப் பகுதிகளில் அது செங்குத்தை மிஞ்சியிருப்பது அடிக்கடி காணப்படுவது. ஆகவே துளைமேல் துளையிடும் முறையாலோ நீரழுத்தப் பிளப்பு முறையாலோ அளந்தே தீர வேண்டும். அளவீட்டுக்குப் பணமில்லை என்று நிர்வாகம் சொல்லும் இடங்களில் பாறையே இரண்டு தடயம் கொடுக்கும். வைரத் துளையில் வெளிவரும் உருளை வடிவப் பாறைமாதிரி தட்டுத்தட்டாக உடைந்து வந்தால் தகைவு உயர்ந்திருக்கிறது. துளையின் எதிரெதிர்ப் பக்கங்களில் சில்லுப் பெயர்ந்திருந்தால், அவ்விரு பக்கங்களை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் பெருந்தகைவு செயல்படுகிறது.

நம் சுரங்கத்தில் கிடைமட்டத் தகைவு செங்குத்தைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 48 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். வட்டமான சுரங்கவழியின் விளிம்பில் உச்சத் தகைவு என்பது பெரியதன் மூன்று மடங்கிலிருந்து சிறியதைக் கழித்தது. எனவே கூரையில் 144 − 32 = 112 மெகாபாஸ்கல்; பக்கச்சுவரில் 96 − 48 = 48 மட்டும். ஆய்வகத்தில் இந்தச் சார்னோக்கைட்டின் அமுக்க வலிமை 160 மெகாபாஸ்கல் என்று வந்தால், 112 அதற்குள் அடங்கிவிட்டதே என்று நிம்மதி அடையக் கூடாது. கெட்டியான பாறையில் விளிம்புத் தகைவு ஆய்வக வலிமையின் 0.4 பங்கை நெருங்கும்போதே சில்லுப் பெயரத் தொடங்கும் என்பது பல சுரங்கங்களின் அனுபவம். இங்கே விகிதம் 0.7. பக்கச்சுவர் அமைதியாக இருக்கும், கூரைதான் பேசும். தாது வெட்டும் அறைகள் விரிந்து இடையில் தூண்கள் மட்டும் எஞ்சும் கட்டத்தில் இந்த எண்கள் இன்னும் ஏறும். அதற்குக் கையால் போடும் கணக்கு போதாது. முப்பரிமாணக் கணினி மாதிரி வேண்டும்.

படி 3: எந்த வகை உடைவு என்று பிரித்தல்

2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நால்வர் உயிரிழந்தது நெல்லையில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது தன் எடையால் பாறை சரிந்த விபத்து. ஆழ்சுரங்கத்திலும் அப்படிப்பட்ட சரிவுகள் உண்டு, அவற்றால் இறப்போரும் உண்டு. ஆனால் அவற்றை அதிர்வுக் கணக்கில் சேர்த்தால் இரண்டு கணக்கும் கெடும். அதிர்வோடு வரும் சேதத்தைக் குறைந்தது மூன்று வகையாகப் பிரிக்கலாம். சுரங்கவழியின் விளிம்பிலேயே தகைவு மிகுந்து பாறைத் தட்டுகள் தெறிப்பது முதல் வகை. அதிர்வின் மூலமும் சேதமும் ஒரே இடத்தில் இருக்கும். எஞ்சிய தூண் நொறுங்குவது இரண்டாவது. பிளவுத்தளம் நழுவி, அங்கிருந்து புறப்பட்ட அலை பத்துக்கணக்கான அல்லது நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியுள்ள சுரங்கவழிகளை உலுக்குவது மூன்றாவது. முதல் வகைக்கு வழியின் வடிவமும் தாங்கலும் மருந்து. மூன்றாவதற்குத் தாங்கலால் ஓரளவே ஈடுகொடுக்க முடியும்; தோண்டும் வரிசையை மாற்றுவதே அடிப்படைத் தீர்வு.

நழுவலின் அளவு எப்படி வருகிறது என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. பாறையின் நறுக்கு விறைப்பு (பக்கவாட்டு உருக்குலைவை எதிர்க்கும் திறன்) 30 கிகாபாஸ்கல். 100 மீட்டருக்கு 100 மீட்டர் பரப்பு. நழுவல் ஒரு சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் அதிர்வுத் திருப்புத்திறன் 3 × 10¹² நியூட்டன் மீட்டர். அதன் மடக்கையிலிருந்து 9.1ஐக் கழித்து மூன்றில் இரண்டால் பெருக்கினால் அளவு (நிலநடுக்கச் செய்திகளில் வரும் ரிக்டர் எண்ணைப் போன்றது) 2.25 வருகிறது. தரைமேல் இந்த அளவு செய்தியாகவே ஆகாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பீக்கன்ஸ்ஃபீல்ட் தங்கச் சுரங்கத்தில் 2006 ஏப்ரல் 25 அன்று நிகழ்ந்தது 2.3 அளவுதான். 925 மீட்டர் ஆழத்தில் ஒருவர் இறந்தார். இருவர் இரண்டு வாரம் பாறைக்குள் சிக்கியிருந்து மீட்கப்பட்டனர். அளவைவிடத் தொலைவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

படி 4: கருவி வலை

அதிர்வின் இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு அறியாதவை உள்ளன: மூன்று திசைத் தொலைவுகள், நிகழ்ந்த நேரம். ஆகவே நான்கு பதிவாவது வேண்டும். பிழை எவ்வளவு என்று அறிய ஐந்துக்கு மேல் வேண்டும். எண்ணிக்கையைவிட அமைப்பு பெரிது. எல்லா ஜியோஃபோன்களையும் (நில அதிர்வை உணரும் கருவிகள்) ஒரே மட்டத்தில், கேபிள் இழுக்க வசதியான வழியோரமாகப் பதித்துவிட்டால், அதிர்வு மேலே நிகழ்ந்ததா கீழே நிகழ்ந்ததா என்று பிரிக்க முடியாது. தாதுவுடலைச் சுற்றி மேலும் கீழும் இருபுறமும், சுரங்கவழியின் உடைந்த விளிம்பைத் தாண்டி, துளைக்குள் சிமென்ட் கலவையிட்டுப் பதிக்க வேண்டும். சிறு அதிர்வுகளுக்கு உயர் அதிர்வெண் முடுக்கமானிகளும், பெரியவற்றின் அளவைக் குறையாமல் பிடிக்கத் தாழ் அதிர்வெண் ஜியோஃபோன்களும் கலந்து இருப்பது நல்லது. பெரிய அதிர்வு வந்தபோது கருவி தன் எல்லையைத் தாண்டி வெட்டுப்பட்ட அலையைப் பதிவு செய்திருந்தால், நாம் மிக வேண்டிய ஒரு தரவே கையில் இல்லாமல் போகும்.

கெட்டிப் பாறையில் முதன்மை அலை நொடிக்கு ஏறத்தாழ 6,000 மீட்டர் செல்லும். இரண்டாம் அலை 3,500. நேரத்தில் ஆயிரத்தில் ஒரு நொடி பிசகினாலே இடம் ஆறு மீட்டர் தள்ளிப் போகும். இரண்டு அலைகளும் வந்த இடைவெளியை 8,400ஆல் பெருக்கினால் தொலைவு கிடைக்கும், 0.05 நொடி இடைவெளி என்றால் 420 மீட்டர். தானியங்கி மென்பொருள் தரும் இடத்தை இந்த எளிய கணக்கால் அவ்வப்போது சோதிப்பது நல்ல பழக்கம். இன்னும் நல்லது, இடமும் நேரமும் துல்லியமாகத் தெரிந்த உற்பத்தி வெடிகளை வலை எங்கே காட்டுகிறது என்று ஒப்பிடுவது. வெற்றிடங்களும் நிரப்பிய அறைகளும் பெருகப் பெருக அலை வளைந்து செல்லும். அதனால் ஒருமுறை சரிபார்த்த வேகமாதிரி நிலையானதல்ல.

இந்தியாவில் இந்த வேலை கோலாரிலேயே தொடங்கிவிட்டது. 1970களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு அங்கே அதிர்வு வலை அமைக்கப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அங்கேதான் தோன்றியது. சுரங்கம் மூடப்பட்டு நீர் நிரம்பிய பின்னும் அதிர்வுகள் பதிவானதை மனத்தில் கொண்டால், கருவியைக் கழற்றும் நாளும் திட்டத்தில் இருக்க வேண்டிய ஒன்று என்பது புரியும்.

கருவிக்கு வெளியே ஒரு பதிவும் வேண்டும். நம் ஊர்க் குவாரிகளில் கடப்பாரையால் தட்டி, ஓசை கெட்டியா பொள்ளலா என்று கேட்டுப் பாறையை உருட்டிவிடும் பழக்கம் ஆழத்திலும் அப்படியே உண்டு. பாறை சடசடத்த நேரத்தையும் இடத்தையும் மைனிங் மேட்டும் (குழு மேற்பார்வையாளர்) பிளாஸ்டரும் (வெடிவைப்பவர்) ஷிப்ட் முடிவில் ஒரு நோட்டில் எழுதட்டும். கருவி காணாத விளிம்புச் சில்லுகளை முதலில் அறிபவர்கள் அவர்கள்தான்.

படி 5: பட்டியலைச் சுத்தம் செய்தல்

மதிப்பீடு பெரும்பாலும் கெடுவது இங்கேதான். ஆனால் அறிக்கைகளில் இதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. வலை பதிந்தவை எல்லாம் பாறையின் அதிர்வுகள் அல்ல. உற்பத்தி வெடிகள், வளர்ச்சிப் பணி வெடிகள், தாதுக் கிணற்றில் கல் விழும் ஓசை, துளைக்கருவியின் தட்டல், மின் இரைச்சல் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒருநாளின் 24 மணிநேரத்துக்கும் அதிர்வு எண்ணிக்கையை வரைந்து பார்த்தால், ஷிப்ட் மாறும் வெடி நேரத்தில் ஒரு முனை எழும். அதில் பாதி உண்மையான பாறை எதிர்வினை, பாதி வெடியே. பிரித்தறிய அலைவடிவத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். உதவிக்கு ஓர் அளவுகோல் உண்டு: இரண்டாம் அலை சுமந்த ஆற்றலை முதன்மை அலையின் ஆற்றலால் வகுத்தால், நழுவல் அதிர்வுகளில் விகிதம் பத்துக்கு மேல் போகும், மூன்றுக்குக் கீழே இருந்தால் வெடியோ, நொறுங்கலோ, திறப்போ என்று ஐயுற வேண்டும். ஐயம் மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

அடுத்து நிறைவு எல்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வலை எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. அதிர்வுகளின் எண்ணிக்கையை அளவுவாரியாக மடக்கைத் தாளில் வரைந்தால், நேர்கோடு வளைந்து சரியத் தொடங்கும் இடமே அந்த எல்லை. அதற்குக் கீழுள்ளவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கூடுதல் ஜியோஃபோன் பதித்த மாதத்தில் அதிர்வுகள் இரண்டு மடங்காயின என்று அலறிய அறிக்கை எழுதப்படுவது இந்த எல்லையை மறந்ததால்தான். பாறை மாறவில்லை, செவி கூர்மையாயிற்று. சுரங்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எல்லை வேறுபடும் என்பதால் மொத்தச் சுரங்கத்துக்கும் ஒரே எண்ணை எழுதுவதும் பிழை.

இறுதியாக, பட்டியலைத் துண்டாக்க வேண்டும். தூண் ஒன்றில் நிகழ்பவை, பிளவுத்தளம் ஒன்றை ஒட்டி நிகழ்பவை, தோண்டும் முகத்தைத் தொடர்ந்து நகர்பவை ஆகியவற்றை நிலவியல் வரைபடத்தின் மேல் வைத்துத் தனித்தனிக் குழுக்களாக்க வேண்டும். அடுத்த படியின் கணக்கு ஒரே மூலத்தைச் சேர்ந்த குழுவுக்குத்தான் பொருள் தரும்.

படி 6: எவ்வளவு பெரியது, எத்தனை முறை

அதிர்வின் அளவு ஓர் அலகு கூடும்போது எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்பது குட்டன்பர்க்–ரிக்டர் தொடர்பின் சாரம். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பி-மதிப்பு சொல்லும். நிறைவு எல்லைக்கு மேற்பட்ட அதிர்வுகளின் சராசரி அளவிலிருந்து எல்லையைக் கழித்து, அதனால் 0.434ஐ வகுத்தால் பி-மதிப்பு கிடைக்கும். நம் சுரங்கத்தின் ஒரு குழுவில் எல்லை −1.0, சராசரி −0.57 என்றால், வித்தியாசம் 0.43, பி-மதிப்பு 1.0. குறை எண்களைக் கண்டு திகைக்க வேண்டாம். மிகச் சிறிய அதிர்வுகளின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே செல்வது இயல்பு.

அந்தக் குழுவில் ஆண்டுக்கு −1க்கு மேல் 1,000 அதிர்வுகள் என்று கொண்டால், 0க்கு மேல் 100, 1க்கு மேல் 10, 2க்கு மேல் ஒன்று. ஆண்டுக்குச் சராசரி ஒன்று என்பதன் பொருள் ஆண்டுக்கு ஒன்று நிச்சயம் என்பதல்ல. பாய்சான் பரவலின்படி ஓராண்டில் ஒன்றாவது நிகழும் நிகழ்தகவு 63 விழுக்காடு, ஒரு மாதத்தில் 8 விழுக்காடு. 3க்கு மேற்பட்டது ஓராண்டில் 9.5 விழுக்காடு, ஆனால் சுரங்கத்துக்கு இன்னும் பத்தாண்டு ஆயுள் இருந்தால் அதுவும் 63 ஆகிவிடும். மாதக் கணக்கைக் காட்டி ஆயுள்காலத் தூணை வடிவமைக்கக் கூடாது என்று முதல் படியில் சொன்னதன் காரணம் இதுவே.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? பி-மதிப்பின் பிழை, தோராயமாக அதை அதிர்வு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 25 அதிர்வுகளிலிருந்து எடுத்த பி-மதிப்பில் 20 விழுக்காடு பிழை உண்டு. −1இலிருந்து 2 வரை மூன்று அலகு தொலைவு நீட்டும்போது, 0.2 பிழை ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசமாக வளரும். ஆகவே ஒற்றை எண்ணை எழுதாமல் வீச்சை எழுத வேண்டும். மேலும், சிறியவற்றின் நேர்கோட்டை நீட்டினால் பெரியது கிடைக்கும் என்பது எப்போதும் உண்மையல்ல. விளிம்பு உடைவுகள் ஒரு கோட்டிலும், பெரும் பிளவு நழுவல்கள் அதற்கு வெளியே வேறொரு குழுவாகவும் நிற்பதை ஆழ்சுரங்கங்களில் காண்கிறோம். தென்னாப்பிரிக்காவின் கிளர்க்ஸ்டார்ப் சுரங்கப் பகுதியில் 2005 மார்ச் 9 அன்று 5.3 அளவில் நிகழ்ந்தது. அருகிலுள்ள ஆர்க்னி பகுதியில் 2014 ஆகஸ்ட் 5 அன்று 5.5. இவற்றைச் சிறு அதிர்வுகளின் கோட்டிலிருந்து மட்டும் ஒருவர் கணித்திருக்க முடியாது. எனவே மேல் எல்லையை வேறு வழியிலும் தேட வேண்டும்: வரைபடத்திலுள்ள மிக நீண்ட தளம் முழுதும் நழுவினால் எவ்வளவு என்று மூன்றாம் படியின் பெருக்கலைப் போட்டுப் பார்க்கலாம். தோண்டலால் மூடிக்கொண்ட பருமனை நறுக்கு விறைப்பால் பெருக்கினால், ஒட்டுமொத்த அதிர்வுத் திருப்புத்திறனுக்கு ஒரு மேல்நிலை மதிப்பும் கிடைக்கும். மூன்று வழிகளும் வேறு வேறு விடை தந்தால், கூடியதை எடுத்துக்கொண்டு காரணத்தை எழுதுவதே என் பரிந்துரை.

இன்னொன்று: எண்ணிக்கையை நாட்களால் மட்டும் வகுக்காமல், எடுத்த பாறையின் டன்னாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். உற்பத்தி இருமடங்கான காலாண்டில் அதிர்வும் இருமடங்காவது இயல்பு. டன்னுக்கான அதிர்வு ஏறினால்தான் பாறையின் நடத்தை மாறிவிட்டது என்று பொருள்.

பி-மதிப்பு தொடர்ந்து குறைவது தகைவு ஏறுவதன் அறிகுறியாகக் கருதப்படுகிறது. அதேபோல், அதிர்வுகள் தத்தம் அளவுக்கு வழக்கமாக வெளியிடும் ஆற்றலோடு ஒப்பிடும் ஆற்றல் குறியீடு சரிய, உருக்குலையும் பாறைப் பருமன் விரைந்து கூடினால், பாறை தாங்கும் சக்தியை இழக்கிறது என்று கொள்வார்கள். இவை பயனுள்ள அறிகுறிகள். ஆனால் நாளும் நேரமும் குறித்துப் பாறைவெடிப்பை முன்னறிவிக்க முடியும் என்று விற்கவரும் எவரையும் நம்ப வேண்டாம்.

படி 7: அதிர்விலிருந்து சுவர் வரை

மூலத்தில் நிகழ்ந்தது சுரங்கவழியின் சுவரை என்ன வேகத்தில் உலுக்கும் என்பதே அடுத்த கணக்கு. உச்சத் துகள் வேகத்தின் (அலை கடக்கும்போது பாறை அசையும் மிகக் கூடிய வேகம்) மடக்கையை, அளவையும் தொலைவின் மடக்கையையும் கொண்டு ஒரு நேரியல் சமன்பாடாக எழுதி, அதன் மாறிலிகளைச் சொந்தச் சுரங்கத்தின் பதிவுகளிலிருந்தே பெற வேண்டும். வேறு நாட்டு மாறிலிகளைக் கடன் வாங்கினால் அதை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உடைந்த விளிம்பில் அலை பெருகும் என்பதால், கெட்டிப் பாறைக்குள் அளந்த வேகத்தை அப்படியே சுவருக்குப் பொருத்தக் கூடாது.

ஒரு மீட்டர் கனமுள்ள தட்டு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பெயர்ந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 2,700 கிலோகிராம் சுமந்துவரும் இயக்க ஆற்றல் 12 கிலோஜூல். கூரையாக இருந்து, வலையும் போல்ட்டும் பிடித்து நிறுத்தும் முன் 20 சென்டிமீட்டர் இறங்கினால் ஈர்ப்பு இன்னும் 5 கிலோஜூல் சேர்க்கும். ஆக, சதுர மீட்டருக்கு 17 கிலோஜூலை உடையாமல் நீண்டு விழுங்கும் தாங்கல் தேவை. விறைப்பான போல்ட் வலிமையாக இருந்தும் அறுந்துவிடும். நீண்டு கொடுக்கும் போல்ட்டும் கம்பி வலையும் ஷாட்கிரீட்டும் (பீய்ச்சிப் பூசும் கான்கிரீட்) சேர்ந்த அமைப்பே நிற்கும். நடைமுறையில் எட்டத்தக்க உச்சம் சதுர மீட்டருக்கு 50 கிலோஜூல் என்பது பரவலாகக் கையாளப்படும் எல்லை. தேவை அதைத் தாண்டினால், மேலும் போல்ட் அடிப்பது விடையல்ல. அங்கே ஆட்கள் போகாமல் தோண்டும் முறையைத் தேட வேண்டும்.

படி 8: யார், எப்போது, எங்கே

அபாயம் என்பது பாறையுடையது. அதில் மனிதரைச் சேர்த்தால்தான் இடர் ஆகிறது. ஒவ்வொரு வழியிலும் ஒரு ஷிப்டில் எத்தனை பேர் எத்தனை மணிநேரம் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அதிர்வு வரைபடத்தின் மேல் வைத்தால், எதிர்பாராத இடங்கள் சிவக்கும். பெரும்பாலும் அவை தோண்டும் முகங்களாக இருப்பதில்லை. சாப்பாட்டு அறை, கேஜுக்கு (ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு) காத்திருக்கும் இடம், வண்டி பழுதுபார்க்கும் அறை போன்றவையாக இருக்கும். இவற்றை நகர்த்துவது மலிவான தீர்வு. ஆனால் பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

வெடிக்குப் பின் மறுநுழைவுக்கு, பின்னதிர்வுகள் குறையும் வேகத்தைச் சொல்லும் ஓமோரி விதி துணைசெய்யும். அதன் எளிய வடிவில், கழிந்த நேரம் இருமடங்கானால் அதிர்வு வீதம் பாதியாகும். வெடித்து ஒரு மணிநேரத்தில் மணிக்கு 60 என்றால், மூன்றாம் மணியில் 20, ஆறாம் மணியில் 10, பன்னிரண்டில் 5. அந்தப் பகுதியின் வழக்கமான வீதம் மணிக்கு 4 என்றால், அதை அடைய 15 மணிநேரம் ஆகும். எல்லா வெடிக்கும் இரண்டு மணிநேரம் என்று நிலையாக எழுதிவைத்த விதி, சிறு வெடிக்கு வீண் காத்திருப்பு. பெருவெடிக்குப் போதாத காத்திருப்பு. வீதம் இறங்கும் வழியில் மீண்டும் ஏறினால் கடிகாரம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த எல்லைகளை அதிர்வு நிகழும் முன்பே எழுதி ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்பதை நான் மிக அழுத்திச் சொல்வேன். எந்த வீதத்தில் மேற்பார்வையாளர் ஆட்களை வெளியேற்றலாம், எந்த அளவுக்குமேல் மேலாளரின் அனுமதியின்றி யாரும் திரும்பக் கூடாது, எந்த நேரத்தில் தொலைவிலிருந்து இயக்கும் லோடர் மட்டும் போகலாம் என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். உற்பத்தி பின்தங்கிய நாளின் இரவு ஷிப்டில், தொலைபேசியில் பேரம் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அல்ல இது. முடிவெடுத்தவர் கேள்விக்கு ஆளாகாமல் இருக்கவும் எழுத்து வேண்டும். சுரங்கவாயிலில் ஒட்டும் பிரதி அங்கே இறங்குவோர் வாசிக்கும் மொழிகளில் இருக்கட்டும். தமிழ், இந்தி, கன்னடம் எதுவாயினும்.

மீட்புக் குழுவுக்கும் இதே விதிகள் பொருந்தும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிராண்டல் கேன்யன் நிலக்கரிச் சுரங்கம் 2007 ஆகஸ்ட் 6 அன்று 3.9 அளவு அதிர்வோடு சரிந்து அறுவர் சிக்கினர். பத்து நாள் கழித்து அவர்களைத் தேடிச் சென்ற மூவர் அடுத்த பாறைவெடிப்பில் இறந்தனர். உள்ளே சிக்கியவரின் உயிர் நிலை, நுழைபவரின் அபாயம் இரண்டையும் எடைபோடும் அதிகாரம் யாருக்கு என்பதும் முன்கூட்டிய தாளில் இருக்க வேண்டிய வரி.

படி 9: மறுமதிப்பீடு

அறிக்கைக்குக் காலாவதி நாள் உண்டு. தோண்டும் முகம் புதிய டைக்கையோ பிளவுத்தளத்தையோ நெருங்கும்போதும், தூண்களை மீட்டெடுக்கத் தொடங்கும்போதும், தோண்டல் வரிசை மாறும்போதும், கருவி வலையில் மூன்றில் ஒரு பங்கு செயலிழக்கும்போதும், கணித்த உச்சத்தைத் தாண்டிய அதிர்வு நிகழும்போதும் இரண்டாம் படியிலிருந்து மீண்டும் செய்ய வேண்டும். சிலியின் எல் தெனியென்தே செம்புச் சுரங்கத்தில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ட கடும் பாறைவெடிப்புகளுக்குப் பின் பாறையை நீரழுத்தத்தால் முன்கூட்டிப் பிளக்கும் முறை வளர்ந்தது. உலகின் மிக அனுபவம் வாய்ந்த அதே சுரங்கத்தில் 2025 ஜூலை 31 அன்று 4.2 அளவு அதிர்வில் அறுவர் இறந்தனர்.

சேதம் நிகழ்ந்த ஒவ்வொரு முறையும், குப்பை அள்ளும் முன் சில காரியங்களைச் செய்துவிட வேண்டும். பெயர்ந்த தட்டின் கனத்தை அளந்து, எந்தப் போல்ட் அறுந்தது, எது நீண்டது, எது கலவையிலிருந்து உருவிக்கொண்டது என்று எண்ணி, சுவர்களைப் படமெடுத்து, அந்தக் கணத்தின் அலைவடிவங்களைத் தனியே சேமிக்க வேண்டும். ஏழாம் படியில் கணித்த வேகமும் ஆற்றலும் இந்த அளவுகளோடு ஒத்துப்போகாவிட்டால், அடுத்த மாத அறிக்கையில் மாற்ற வேண்டியவை அந்த மாறிலிகளே; அந்தத் திருத்தத்தில் மேலாளரோடு தாங்கல் அடித்த குழுவின் ஃபோர்மனும் கையெழுத்திட வேண்டும்.